காலாற நடப்போம், கால்வாய்க் கரையில்

பெங்களூரில் வாழும் நம்மவர் குடும்பங்களுக்கு விடுமுறை நாள் வந்தால் பெரும்பாலும் இரண்டு வழிகளே தெரிகின்றன. ஒன்று, ஊருக்குப் போதல். மற்றொன்று, ஊருக்குப் போக இயலாதபோது கடைவீதிக்குப் போதல். முன்னதற்கு நாள் போதாது. பின்னதற்குப் பணம் போதாது. இவ்விரண்டுக்கும் இடையே, ஒரே நாளில் போய்த் திரும்பத்தக்க, செலவு மிகாத, முதியோரும் சிறுவரும் ஒருங்கே கலந்துகொள்ளத்தக்க மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதுவே நீர்க்கரை நடை. ஆற்றங்கரை வழியாகவும் கால்வாய்க் கரை வழியாகவும் அவசரமின்றி மூன்று நான்கு மைல் காலாற நடந்து வருவது. அதனைப் பற்றிச் சில செய்திகளை நம் சங்கத்துக் குடும்பங்களின் முன் வைக்க விரும்புகிறோம்.

மலையேற்றத்தில் இந்நகரத்து இளைஞர்களுக்கு ஆர்வம் மிகுதி. நந்தி மலைக்கும் சாவனதுர்க்கத்துக்கும் விடியற்காலையிலேயே கூட்டங்கூட்டமாகப் புறப்பட்டுவிடுகிறார்கள். நல்லதே. ஆனால் மலையேற்றம் குடும்பத்தைப் பிரித்துவிடும். மகன் உச்சிக்குப் போவான். தாய் பாதி வழியில் ஒரு பாறைமேல் அமர்ந்திருப்பாள். பாட்டி அடிவாரத்தில் வண்டியிலேயே இருந்துவிடுவாள். நீர்க்கரை நடை அப்படிப்பட்டதன்று. தண்ணீர் மேட்டில் ஏறுவதில்லை. ஆகவே தண்ணீரோடு நடப்பவரும் ஏற வேண்டியதில்லை. எழுபது வயதுப் பாட்டியும் ஏழு வயதுப் பேரனும் ஒரே நடையில் செல்லலாம்.

பிரெஞ்சு நாட்டார் கண்ட வழி

நீர்க்கரை நடையை நாட்டு வழக்கமாகவே வளர்த்தவர்கள் பிரெஞ்சு மக்கள். அந்நாட்டின் தென்பகுதியில், தூலூஸ் நகரிலிருந்து நடுநிலக் கடலோரத்துத் 'தோ' என்னும் உப்பங்கழி வரை 240 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கால்வாய் செல்கிறது. 'கனால் து மிதி', அதாவது தென்னாட்டுக் கால்வாய், என்பது அதன் பெயர். உப்பு வரி தண்டும் குத்தகை பெற்றிருந்த பியேர் போல் ரிக்கே என்பவர், பதினான்காம் லூயி மன்னனிடம் 1666ஆம் ஆண்டில் ஆணை பெற்று இவ்வேலையில் இறங்கினார். தம் செல்வத்தையும் அதிலேயே இட்டார். 1680இல் அவர் மறைந்தார். மறு ஆண்டு, 1681இல், கால்வாய் திறக்கப்பட்டது. தம் வாழ்நாள் உழைப்பின் பயனைக் காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை.

அக்காலத்தில் படகுகளைக் குதிரைகள் கரையிலிருந்து கயிற்றால் இழுத்துச் சென்றன. அதற்காகக் கரையோரமாகச் சமமான பாதை ஒன்று அமைக்கப்பட்டது. பின்னர் இருப்புப்பாதை வந்தது. அதன்பின் சரக்குந்து வந்தது. சரக்குப் படகுகள் இருபதாம் நூற்றாண்டில் ஓய்ந்தன. குதிரைகளும் போயின. ஆனால் பாதை எஞ்சியது. பிரெஞ்சு மக்கள் அப்பாதையைக் காட்டுக்கு விட்டுவிடவில்லை, நடப்பவருக்கு விட்டுவிட்டார்கள். படகு செல்லும் ஆறுகளின் கரையோரத்தில் 3.25 மீட்டர் அகல நிலத்தை, அது தனியார் உடைமையாயினும், மீன் பிடிப்போரும் நடந்து செல்வோரும் பயன்படுத்த விட வேண்டும் என்று அந்நாட்டுச் சட்டம் கூறுகிறது. 1947இல் லுவார் ஆற்றங்கரையில், ஓர்லேயான் நகரின் அருகே, வெள்ளையும் சிவப்பும் பூசிய குறிகளை மரங்களிலும் கற்களிலும் இட்டு நெடுநடைப் பாதைகளுக்குத் தொடக்கம் செய்தார்கள். இன்று அக்குறிகளைப் பின்பற்றி அந்நாடு முழுவதையும் நடந்தே சுற்றி வரலாம். தென்னாட்டுக் கால்வாயை 1996இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அதன் இரு கரைகளிலும் நிழல் தந்து நின்ற பிளேன் மரங்களைப் பூஞ்சை நோய் ஒன்று பற்றியிருப்பது 2006இல் கண்டறியப்பட்டது. நோயுற்ற மரங்களை வெட்டி வேறு மரங்களை நடும் வேலை இன்றும் நடந்து வருகிறது. பாதையைக் காப்பது எளிதன்று என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

நம் நாட்டிலும் படகிழுக்கும் கரைகள் இருந்தன. சென்னையை ஒட்டிச் செல்லும் பக்கிங்காம் கால்வாயை நேயர்கள் அறிவார்கள். அங்கே குதிரைக்கு மாறாக மனிதரே கயிற்றைத் தோளில் மாட்டிப் படகை இழுத்தார்கள். மாவலிபுரத்துக்குப் படகில் சென்ற பாவேந்தர் பாரதிதாசன் அத்தொழிலாளரின் துயரைக் கண்டு பாடிய பாட்டு தமிழருக்கு நன்கு தெரிந்ததே. அந்தக் கரை இன்று நடப்பதற்குரிய நிலையில் இல்லை. ஆனால் பெங்களூர்த் தமிழர் அதற்காக வருந்த வேண்டியதில்லை. நமக்குக் காவிரிக் கரை அண்மையிலேயே இருக்கிறது.

பக்கத்திலேயே ஒரு 'பிரெஞ்சு ராக்ஸ்'

பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் இருப்புப்பாதையில் மண்டியாவைக் கடந்தபின் பாண்டவபுரம் என்னும் நிலையம் வருகிறது. இந்த ஊரை ஆங்கிலேயர் காலத்தில் 'பிரெஞ்சு ராக்ஸ்', அதாவது பிரெஞ்சுப் பாறைகள், என்றே அழைத்தார்கள். ஐதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரிடம் பணியாற்றிய பிரெஞ்சுப் படையினர் இப்பாறைக் குன்றுகளின் அடியில் பாசறை அமைத்துத் தங்கியிருந்ததால் வந்த பெயர் அது. அவ்வீரர்களுள் எவரேனும் தம் நாட்டுக் கால்வாய்க் கரையை நினைத்துக்கொண்டே இங்குள்ள கால்வாய்க் கரைகளில் மாலை வேளையில் உலவியிருத்தல் கூடும். ஏனெனில் அவர்கள் வருவதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்நிலத்தில் கால்வாய்கள் ஓடிக்கொண்டிருந்தன.

பிரான்சில் ரிக்கே வேலை தொடங்குவதற்குச் சுமார் இருபது ஆண்டுகள் முன்னரே மைசூர் அரசர் கண்டீரவ நரசராச உடையார் காவிரியின் குறுக்கே அணை கட்டினார். பங்காரதொட்டிக் கால்வாயை வெட்டினார். ஆற்றின் ஒரு கிளைக்கு மேலேயே நீர்ப்பாலம் அமைத்து அக்கால்வாயைச் சீரங்கப்பட்டணத் தீவுக்குள் கொண்டுவந்தார். ஆற்றின்மேல் ஓர் ஆறு! அவருக்குப் பின் வந்த சிக்கதேவராச உடையாரின் பெயரால் இடது கரையில் ஒரு கால்வாய் ஓடுகிறது. வலது கரையில் விரிசா என்னும் பழைய கால்வாய் உண்டு. இவை வெறும் பழங்காலச் சின்னங்கள் அல்ல. இன்றும் நெல்லுக்கும் கரும்புக்கும் நீர் ஊட்டுபவை.

தீவில் ஒரு நாள்

முதன்முறை செல்லும் குடும்பத்துக்குச் சீரங்கப்பட்டணத் தீவே பொருத்தம். பெங்களூரிலிருந்து அதன் தொலைவு சுமார் 125 கிலோமீட்டர். எல்லா வண்டிகளும் அங்கு நிற்பதில்லை. நிற்கும் வண்டியை முன்னரே கேட்டறிந்து ஏறுதல் நன்று. காவிரி இரண்டாகப் பிரிந்து மீண்டும் கூடுவதால் உண்டான இத்தீவு ஏறத்தாழ மூன்று மைல் நீளமும் ஒரு மைல் அகலமும் உடையது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெல்ல நடந்தால் ஒரு முற்பகல் போதும்.

நிலையத்துக்கு அண்மையிலேயே அரங்கநாதர் கோயில் இருக்கிறது. காவிரி மூன்று தீவுகளில் அரங்கனைச் சுற்றி ஓடுகிறது என்பர். இது ஆதிரங்கம், சிவனசமுத்திரத்தில் இருப்பது மத்தியரங்கம், நம் திருவரங்கம் அந்திய ரங்கம். திருச்சிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே குடியேறியிருக்கும் குடும்பத்தின் பிள்ளைக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். தாத்தா வீட்டுக் காவிரியும் இந்தக் காவிரியும் ஒன்றே என்பது அவன் மனத்தில் சட்டெனப் பதியும்.

கோயிலிலிருந்து கோட்டை மதிலை ஒட்டி ஆற்றோரமாகச் சென்றால், திவான் பூர்ணையாவின் காலத்தில், 1804இல், கற்றூண்களை நிறுத்திக் கட்டிய வெல்லெஸ்லி பாலத்தைக் காணலாம். கிழக்கே நடந்தால் திப்புவின் கோடை மாளிகையான தரியா தௌலத் வரும். 1784இல் எழுந்த அம்மாளிகையின் சுவரில், காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் 1780இல் நிகழ்ந்த போர் ஓவியமாகத் தீட்டப்பட்டிருக்கிறது. மேலே சொன்ன பிரெஞ்சுத் துணைப்படையினரையும் அதில் காணலாம். அதன்பின் கஞ்சாம், ஆற்றங்கரை நிமிஷாம்பாள் கோயில், ஐதரும் திப்புவும் துயிலும் கும்பசு. இறுதியில் இரு கிளைகளும் கூடும் சங்கமம். வெயில் ஏறுமுன் புறப்பட்டால் நண்பகலுக்குள் சங்கமத்து மர நிழலில் அமர்ந்து கட்டுச்சோற்றைப் பிரிக்கலாம். திரும்பும்போது ரயிலில் மத்தூர் வடை கிடைக்கும்; ஆகவே சிற்றுண்டிக்குக் கவலை இல்லை.

பறவைகளில் விருப்பமுள்ளவர்கள் அருகிலுள்ள அரங்கன்திட்டுக்கும் செல்லலாம். கண்டீரவர் கட்டிய அணையால் ஆற்றின் நடுவே உண்டான திட்டுகள் அவை. பறவையியல் அறிஞர் சலீம் அலியின் தூண்டுதலால் 1940இல் அது புகலிடமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலிலும் இடம்பெற்றது. நத்தை குத்தி நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா, ஆற்று ஆலா முதலியவற்றைப் படகிலிருந்தே காணலாம். முதலைகளும் உண்டு, எனவே அங்கே ஆற்றில் கால் நனைக்கும் ஆசையை விட்டுவிட வேண்டும்.

கால்வாய் கற்பிக்கும் பாடம்

தீவு நடை கண்ணுக்கு விருந்து. கால்வாய் நடையோ அறிவுக்கு விருந்து.

கண்ணம்பாடிக் கட்டு என்று ஊரார் அழைக்கும் கிருஷ்ணராச சாகர அணையின் வேலை 1911இல் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடந்தது. அப்போது மைசூர் அரசின் தலைமைப் பொறியாளராக இருந்தவர் மோட்சகுண்டம் விசுவேசுவரையா. சிமெண்டுக்கு மாறாக, செங்கற்பொடியும் சுண்ணாம்பும் கலந்த சுர்க்கிச் சாந்தால் கட்டப்பட்ட அணை அது. அதிலிருந்து இடது கரையில் புறப்படும் பெருங்கால்வாய்க்கு முதலில் வைசிராய் இர்வினின் பெயர் இருந்தது. பின்னர் விசுவேசுவரையாவின் பெயரே இடப்பட்டது. குறுக்கிட்ட மேட்டைச் சுற்றிப் போக வழியின்றி ஹுளிகெரெ என்னுமிடத்தில் சுமார் 2.8 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் குடைந்து தண்ணீரை அப்பால் கொண்டு சென்றார்கள். அத்தண்ணீர் வந்த பிறகே மண்டியா கரும்பு நாடாயிற்று. 1933இல் அங்கே சர்க்கரை ஆலை நிறுவப்பட்டது. 1939இல் மண்டியா தனி மாவட்டமும் ஆயிற்று.

கால்வாய்க் கரையில் நடப்பவர் முதலில் காண்பது ஒரு விந்தை. ஒரு பக்கம் கேழ்வரகும் புன்செயும். மறு பக்கம் நெல்லும் கரும்பும் தென்னையும். நடுவே சில கஜ அகலத் தண்ணீர். ஏன் இப்படி? கால்வாய் தன் விருப்பப்படி ஓடுவதன்று. சில ஆயிரம் அடி தூரத்துக்கு ஓர் அடியளவே அது தாழ்கிறது. அந்த மெல்லிய சரிவைக் காப்பதற்காகக் குன்றுகளின் இடுப்பைச் சுற்றி வளைந்து வளைந்து செல்கிறது. மேட்டுப் பக்கத்துக்குத் தண்ணீர் ஏறாது. பள்ளத்துப் பக்கத்துக்கு மட்டுமே மடை திறக்கும். ஆகவே ஒரே ஊரில், ஒரே மண்ணில், கால்வாய்க்கு மேலே ஒரு வாழ்வு. கீழே வேறொரு வாழ்வு. பள்ளிக்கூடத்துப் பாடப்புத்தகம் பத்துப் பக்கத்தில் விளக்குவதைப் பிள்ளைகள் இங்கே ஒரு பார்வையில் தெரிந்துகொள்வார்கள். நம் காலுக்கு அந்நடை எளிதாக இருப்பதற்கும் அந்த மெல்லிய சரிவே காரணம்.

அடுத்து மொழியின் பாடம். கன்னட உழவர் வழங்கும் சொற்களைக் காது கொடுத்துக் கேளுங்கள். மதகை அவர்கள் 'தூபு' என்பர்; நம் பழந்தமிழ்த் 'தூம்பு' அது. கரும்பு 'கப்பு', வெல்லம் 'பெல்ல', பள்ளம் 'ஹள்ள'. நாம் ஏரி என்றால் நீர் நிறைந்த பரப்பு. அவர்கள் 'ஏரி' என்றால் அந்நீரைக் காக்கும் கரை. இச்சொற்களைக் கேட்டுக் குறித்து வருமாறு பிள்ளைகளிடம் ஒரு சிறு குறிப்பேட்டைக் கொடுத்தால், அடுக்குமாடி வீட்டில் இரு மொழிக்கிடையே திகைத்து நிற்கும் பிள்ளைக்கு இரண்டும் உறவாகிவிடும். ஆலைமனைகளில் வெல்லம் காய்ச்சுவதைக் கண்டால் நின்று பார்க்க அனுமதி கேளுங்கள். பெரும்பாலும் ஒரு கைப்பிடி வெல்லமும் கிடைக்கும்.

தலைமடையும் கடைமடையும்

இனி, நாம் இக்கட்டுரையை எழுதப் புகுந்ததன் முதன்மைக் காரணத்துக்கு வருவோம்.

காவிரி என்னும் பெயரை நம் வீடுகளில் எவ்வாறு கேட்கிறோம்? கண்ணம்பாடியில் 124.80 அடி, மேட்டூரில் 120 அடி என்று செய்தித்தாளில் காண்கிறோம். 1892, 1924 ஆகிய ஆண்டுகளின் ஒப்பந்தங்கள், 1990இல் அமைந்த நடுவர் மன்றம், 2007இல் அது வழங்கிய இறுதித் தீர்ப்பு, 2018இல் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகள் என்று எண்களாகவே கேட்கிறோம். 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் இந்நகரில் நம்மவர் பலர் கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளேயே இருந்த நாட்களை மறந்தார் இலர். எத்தனையோ பிள்ளைகளுக்குக் காவிரி என்றால் அச்சத்தின் பெயராகவே முதலில் அறிமுகமாயிற்று. ஆற்றைக் காணுமுன்னே வழக்கைக் கண்ட தலைமுறை அது. இது நல்லதன்று.

ஒரு தை மாத மாலையில் மத்தூர்ப் பக்கத்துக் கிளைக் கால்வாய்க் கரையில் முதிய உழவர் ஒருவருடன் உரையாட நேர்ந்தது. மேலூர்க்காரர்கள் இரவில் மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்துவிடுகிறார்கள் என்றும், முறைத் தண்ணீர் தம் வயலுக்கு வருமுன்பே மதகு மூடப்பட்டுவிடுகிறது என்றும், கேட்க ஆளில்லை என்றும் அவர் முறையிட்டார். மேலூர்க்காரர் அயல்நாட்டவர் அல்லர். அவருடைய மொழியே பேசுபவர். அவருடைய தெய்வத்தையே கும்பிடுபவர். இதே முறையீட்டை, ஒரு சொல்லும் மாறாமல், கல்லணைக் கால்வாயின் கடைமடையான பேராவூரணிப் பக்கத்து உழவர் வாயிலும் நாம் கேட்டிருக்கிறோம். அங்கும் மேலூர்க்காரர் தமிழரே. நாம் தஞ்சைப் பக்கத்தவர் என்று தெரிந்ததும் அம்முதியவர் கேட்ட முதற்கேள்வி, அங்கே இவ்வாண்டு கடைசி வயல் வரை தண்ணீர் வந்ததா என்பதே.

தண்ணீர்ச் சண்டையின் வேர் மொழியில் இல்லை என்பது இதனால் விளங்கும். தலைமடையில் இருப்பவனுக்குக் கடைமடை கண்ணில் படுவதில்லை, அதுவே வேர். அது ஒரே ஊருக்குள்ளும் உண்டு. இரு மாநிலங்களுக்கிடையிலும் உண்டு. மாநில எல்லை வந்து சேரும்போது அதற்கு மொழியின் சட்டை மாட்டப்படுகிறது. கால்வாயின் தலையிலிருந்து கடைசிவரை ஒருமுறை நடந்த பிள்ளைக்கு இதனை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நாமும் கரையில் நின்று பிறரை நோக்கிக் கைநீட்டுவோர் மட்டும் அல்லோம். பெங்களூருக்குக் காவிரி நீர் 1974இல் வரத் தொடங்கியது. சிவனசமுத்திரத்துக்கு அருகே எடுக்கப்பட்டு, தொரெகாடனஹள்ளியில் தூய்மை செய்யப்பட்டு, சுமார் 100 கிலோமீட்டர் தூரம் குழாயில் வந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் ஏற்றப்பட்ட நீரே நம் வீட்டுக் குழாயில் விழுகிறது. 2024இல் ஐந்தாம் கட்டத் திட்டமும் நிறைவேறியது. காலையில் குழாயைத் திறக்கும் நாம் அந்த அளவுக்குத் தலைமடைக்காரர்.

அவ்வாறு வந்த நீர் எங்கே போகிறது? நகரின் ஏரிகளை இணைத்த பழைய ராசகால்வாய்களில் கழிவாக இறங்குகிறது. மேற்குப் பகுதியின் கழிவு விருஷபாவதியில் சேர்ந்து, அர்க்காவதி வழியாக மீண்டும் காவிரிக்கே செல்கிறது. கிழக்குப் பகுதியின் கழிவு பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணையில் கலக்கிறது. அது ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையை அடையும்போது வெண்ணுரை மலைபோல் பொங்கிய காட்சியைப் படங்களில் கண்டிருப்பீர்கள். ஓசூர் உழவனுக்கு நாமே மேலூர்க்காரர்! அந்த நுரையில் தமிழ் வீட்டுச் சவர்க்காரம் இது, கன்னட வீட்டுச் சவர்க்காரம் அது என்று பிரித்தறிய இயலுமோ?

நடையால் வழக்குத் தீரும் என்று நாம் கூறவில்லை. அதற்கு ஆணையமும் நீதிமன்றமும் அரசுகளும் இருக்கின்றன. ஆனால் மறுமுறை மழை பொய்த்துத் தெருவில் கூச்சல் எழும்போது, அக்கூச்சலுக்கு அப்பால் ஒரு முகத்தை நினைவுகூரக்கூடிய பிள்ளை நம் வீட்டில் இருப்பான். அது சிறிய காப்பன்று.

சில எச்சரிக்கைகள்

பிரான்சின் கால்வாய்க் கரை உலாவுவோருக்கு ஒதுக்கப்பட்டது. நம் கால்வாய்க் கரையோ உழைக்கும் கரை. வண்டி மாடும் கரும்பு ஏற்றிய டிராக்டரும் மதகுக் காவலரும் போகும் வழி. அவர்களுக்கு வழிவிட்டு நடப்பதே முறை. வரப்பில் இறங்குமுன் வயலுக்குரியவரிடம் ஒரு சொல் கேளுங்கள். ஒரு கரும்பைக்கூடக் கேளாமல் ஒடிக்காதீர்கள்.

தண்ணீர் அமைதியாகத் தோன்றும்; ஆனால் வேகம் உடையது. சிமெண்டு பூசிய சரிவான கரையில் வழுக்கி விழுந்தவர் தாமாக ஏறி வருதல் அரிது. 2018 நவம்பர் 24ஆம் நாள் பாண்டவபுரம் வட்டத்துக் கனகனமரடி அருகே விசுவேசுவரையா கால்வாயில் ஒரு பேருந்து கவிழ்ந்து 30 பேர் மாண்டனர். பள்ளிக்கூடம் விட்டுத் திரும்பிய பிள்ளைகளும் அவர்களுள் இருந்தனர். ஆகவே கால்வாயில் குளிப்பதும் கை கால் கழுவ இறங்குவதும் வேண்டவே வேண்டாம். சிறுவரைக் கரையின் வெளிப்பக்கமாக, பெரியவர் கையைப் பற்றியே நடத்துங்கள். நீரின் அருகே நின்று படம் எடுக்கும் விளையாட்டையும் விலக்குங்கள். அணையின்மேல் ஏறுவதற்குப் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

பருவத்தைப் பொறுத்தவரை, ஐப்பசி மழை ஓய்ந்தபின் கார்த்திகை முதல் மாசி வரை நடைக்கு ஏற்றது. கால்வாயில் முறைவைத்தே தண்ணீர் விடுவதால் சில வாரங்கள் அது வறண்டும் கிடக்கும். அதனைக் கண்டு ஏமாற வேண்டாம், அதுவும் பாடமே. காலை ஆறரை மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்குள் முடித்தல் முதியோருக்கு நலம். பழைய செருப்பைத் தவிர்த்து, காலைப் பிடித்து நிற்கும் காலணி அணியுங்கள். குடைக்கு வெட்கப்பட வேண்டாம். குடிநீரை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். காலிப் புட்டிகளையும் இலைகளையும் வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள். நாம் எறியும் புட்டி யாருடைய மடையை அடைக்கும் என்பதை இதற்குள் அறிந்திருப்பீர்கள்.

வெளியூர் செல்ல இயலாதவர் அல்சூர் ஏரிக்கரையிலும் 1882இல் வெட்டப்பட்ட சாங்கி ஏரிக்கரையிலும் தொடங்கலாம். வாரம் இருமுறை அங்கே நடந்து காலைப் பழக்கிக்கொண்டால், தை பிறக்கும்போது நான்கு மைல் நடை ஒரு பொருட்டாகத் தோன்றாது.

நம் முன்னோர் பிழைப்பைத் தேடி இந்நகருக்கு வந்தார்கள். வந்த வழியெல்லாம் நடந்தே வந்தவரும் உண்டு. அவர்களுடைய பேரப்பிள்ளைகளாகிய நாம் நீரை மட்டும் குடித்துக்கொண்டு, நீர் வரும் வழியை அறியாதிருத்தல் அழகன்று. பொங்கலுக்கு ஊர் செல்ல இயலாத குடும்பங்கள் நாலைந்து ஒன்றுசேர்ந்து, கன்னடம் நன்கு பேசும் அண்டை வீட்டுக் குடும்பம் ஒன்றையும் உடன் அழைத்து, ஒரு நாள் காவிரிக் கரைக்குச் சென்று வாருங்கள். சென்று வந்தவர்கள் தாங்கள் கண்டதையும் கேட்டதையும், பிள்ளைகள் குறித்து வந்த சொற்களையும் நமக்கு எழுதி அனுப்பினால், வரும் இதழ்களில் மகிழ்ச்சியுடன் வெளியிடுவோம்.